பானட்டுக்கு அந்தப் பக்கம்

அதிகாலை மூன்றரை மணி. ஏரிக்கரையை ஒட்டிப் போகிற ஒற்றைச் சாலை. அது முடிகிற இடத்தில் ஒரு பம்ப் ஹவுஸ், பக்கத்தில் ஒரு வீடு. அடுத்த வீட்டுக்கு எட்டு கிலோமீட்டர் போக வேண்டும்.

அந்த வீட்டில் இருந்தவர், முன்பு நம் அறையில் தங்கியிருந்த நெட்டையனின் சித்தப்பா. பம்ப் ஆபரேட்டர். அவரும் சித்தியும் மட்டும்தான். நெட்டையன் இதை என்னிடம் ஒரே தடவைதான் சொன்னான். பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைச் சொன்னான். கரண்ட் எப்போது வரும் என்று தெரியவில்லை... நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பேய்க் கதை சொல்லியாயிற்று, நானும் சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. கார்புரேட்டர் வைத்த வண்டி. அந்த மாதிரி வண்டி குளிரில் ஸ்டார்ட் ஆக வேண்டுமானால், உள்ளே போகிற காற்றைச் சில நொடிகள் அடைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் சோக். இழுத்தால் கார்புரேட்டருக்குள் ஒரு சின்னத் தகடு காற்றை மூடும். சித்தப்பாவின் வண்டியில் அந்தத் தகடு உடைந்துவிட்டது. மெக்கானிக் அதைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டு, “புதுசு வர்ற வரைக்கும் கையால மூடிக்குங்க சார். கைக்கு ஸ்பேர் தேட வேண்டாம்ல” என்று அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு தினமும் காலையில் இதுதான் வேலை. பானட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, சித்தி எஞ்சின் ஓரமாகக் குனிந்து நிற்பாள். சித்தப்பா உள்ளே உட்கார்ந்து சாவியைப் பிடித்துக்கொண்டு, “வை” என்பார். உள்ளங்கையால் மூடுவாள். எஞ்சின் பிடித்ததும் “போதும்” என்பார். எடுப்பாள். கொஞ்சம் முந்தினால் அணைந்துவிடும். கொஞ்சம் பிந்தினால் பெட்ரோல் நிறைந்து, அப்போதும் அணைந்துவிடும். சித்திக்கு அந்தக் கணக்கு தெரியும். “ஊர்ல அவனவன் பொண்டாட்டிக்கு மருதாணி வச்சு விடுறான். நீங்க பெட்ரோல் பூசி விடுறீங்க” என்பாள்.

“எங்க மாமா வண்டியும் இப்படித்தான்” என்றான் கேட்டுக்கொண்டிருந்த சுருட்டை, அறை இருட்டுக்குள்ளிருந்து. “ஸ்டார்ட் ஆகலன்னா பேய்னு சொன்னா, எங்க தெருவே சுடுகாடுதான்.”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தேன்...

அன்றைக்குச் சித்திக்கு வயிற்றுவலி. சாயங்காலம் சும்மா சுருக்கென்று ஆரம்பித்தது. இரவு ஏற ஏற, முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஃபோன் கம்பி காற்றில் அறுந்து கிடந்தது. சித்தப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வந்து பின் சீட்டில் படுக்க வைத்தார். தலைக்கு மஃப்ளரைக் கட்டிக்கொண்டார். பானட்டைத் தூக்கினார், ஃபில்டரைக் கழற்றினார், உள்ளே வந்து உட்கார்ந்து சாவியைத் தொட்டார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கை வைக்க ஆள் இல்லை.

“தள்ளிவிட வேண்டியதுதானே?” என்றான் சுருட்டை.

“யாரு தள்ளுறது?” என்றேன்.



பம்ப் ஹவுஸ் பள்ளத்தில் இருந்தது. கேட்டைத் தாண்டினால் நெட்டுக்கு ஏற்றம். ஒற்றை ஆள் தள்ளி அந்த வண்டி ஓர் அடி நகராது.

ஒரு துணியைச் சுருட்டிக் கார்புரேட்டர் மேல் வைத்துவிட்டு ஓடி வந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது. இறங்கி ஓடினார்... போய்ச் சேர்வதற்குள் இருமி அணைந்தது. துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஒரு டப்பா மூடியை வைத்துப் பார்த்தார். அதுவும் அப்படியே. பெட்ரோல் நிறைந்துவிட்டதென்று ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக் கொஞ்ச நேரம் சுற்றவிட்டார். வெறும் சுற்றல்தான். பனியில் பெட்ரோல் வாசனை தரையோடு தரையாகப் படர்ந்தது. ஸ்டார்ட்டர் சத்தம் ஒவ்வொரு தடவையும் தளர்ந்தது. ர்ர்ர்ர்... ர்ர்... ர்...

“நான் வேணா வந்து கை வைக்கிறேங்க” என்றாள் சித்தி. எழ முயன்றவள் அப்படியே ஜன்னலோரம் சாய்ந்துவிட்டாள்.

“பேசாம படு. கிளம்பிடும்” என்றார். கிளம்பாது என்று அவருக்குத் தெரியும். பேட்டரியில் இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் உயிர் இருந்தது.

சாவியைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. எதிரே தூக்கி நின்ற பானட்டைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. வேண்டிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லையாம். பழக்கம். வாய் தானாகச் சொன்னது.

“வை.”

சாவியைத் திருப்பினார். காற்று உள்ளே இழுபடும் அந்தச் சீறல் இருக்கிறதே... அது சட்டென்று அடங்கியது. உள்ளங்கை மூடினால் எப்படி அடங்குமோ அப்படி. ஸ்டார்ட்டர் கனத்தது. எஞ்சின் ஒரு தரம் உதறியது. பிடித்துக்கொண்டது.

“போதும்” என்றார்.

சீறல் திரும்பி வந்தது. எஞ்சின் சீராக ஓடியது.

இறங்கி முன்னால் போனார். யாரும் இல்லை. வாசல் பல்பின் மஞ்சள் வெளிச்சமும் பனியும் மட்டும். நின்று யோசிக்கிற வேளையா அது? பானட்டை அறைந்து மூடிவிட்டு வண்டியை எடுத்தார்.

சித்தி பிழைத்துக்கொண்டாள். குடல்வால் வெடிக்கிற நிலை. “இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நாங்க கையை விரிச்சிருப்போம்” என்றார் டாக்டர். சித்தப்பா மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு டவுனுக்கே குடி வந்தார். அன்று நடந்ததை அவர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. சித்தியிடமும். நெட்டையனிடம் சொன்னதே வெகு நாள் கழித்துத்தான்.

ஆனால் சித்தி மாறிவிட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. டீ போட்டுக் கொடுப்பாள். சட்டையைத் தேய்த்து வைப்பாள். எல்லாம் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் செய்வது போல. அவர் அறைக்குள் வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பாள். அந்தக் கேலிப் பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை.

மாதங்கள் போயின. ஒருநாள் அவரே கேட்டுவிட்டார். “நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?”

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

“நீங்க ஒண்ணும் பண்ணல. உயிரோட கொண்டாந்து சேர்த்தீங்க. நன்றி இல்லாதவள்னு நினைக்காதீங்க.”

பிறகு கேட்டாள்: “அன்னைக்கு கை வச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“யாரு?” என்றார்.

“நான் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். என் வீட்டுக்காரர்தான் வச்சார். தலையில மஃப்ளரோட, நான் நிக்கிற இடத்துல குனிஞ்சு நின்னார். வண்டியில உட்கார்ந்திருந்தது நீங்க.”

...

“நீங்க இறங்கி வந்து அவர் பக்கத்துலயே நின்னு பானட்டை மூடுனீங்க. அவரை ஏறெடுத்தும் பார்க்கல. அவரை அங்கேயே விட்டுட்டு வண்டியை எடுத்துட்டீங்க. கேட் வரைக்கும் ஓடி வந்தார். எனக்குத்தான் வாயைத் திறக்க முடியல.”

சித்தப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். கல்யாணத்தன்று அவள் காதில் சொன்னதைச் சொன்னார். வயிற்றிலேயே கலைந்துபோன குழந்தைக்கு, யாருக்கும் தெரியாமல் அவர்கள் இரண்டு பேரும் வைத்திருந்த பெயரைச் சொன்னார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்களுக்குத் தெரியாம இருக்குமா” என்றாள், வருத்தமாக.

இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் சொல்வான்? நான் நான்தான் என்று யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவான்? கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பாராம். முகம் அதே முகம்தான். அது போதுமா என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய பம்ப் ஹவுஸுக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒருநாள் கிளம்பினார். பாதி வழியில் திரும்பிவிட்டார். அங்கே யாரும் இல்லையென்றால் சித்தி நம்பமாட்டாள். யாராவது இருந்துவிட்டால்...

இப்போதும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் அறை. படுக்கும் முன் சித்தப்பா வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வருவார். எல்லாம் அடங்கிய பிறகு சித்தி எழுந்து போவாள். மெல்ல, டக் என்று ஒரு சத்தம். தாழ் விலகும். திரும்பி வந்து படுத்துக்கொள்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே கிடப்பார். எழுந்து போய் மறுபடி தாழ் போட அவருக்குத் தைரியம் இல்லை.

“ஏம்மா இப்படித் திறந்து போடுறே?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம்.

“நாம வீடு மாறுனது அவருக்குத் தெரியாது” என்றாள் சித்தி. “வழி விசாரிச்சு, நடந்துல்ல வரணும். நாளாகும்.”