அத்தையின் பச்சை நெற்றி

இரவல் வாங்கிய குடையை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுகிறவன் நான். விசாரணைக் குழுவினர் முதலில் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

என் மாமியாரை நான் வரைந்த படத்தில் நெற்றி பச்சை, இடது கன்னம் ஊதா, மூக்கு மஞ்சள். மூன்றும் சேர்ந்தால் தீராத துயரம். நிஜத்தில் அத்தை மாநிறம். தடுக்கி விழுந்தாலும் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பவர். படத்தைப் பார்த்ததும், "மாப்ள, அழுகின காய்கறிக் கூடைக்கு என் தோடு எதுக்கு?" என்று கேட்டார்.

திறப்பு நாளில், வரையப்பட்டவரைப் படத்தின் பக்கத்திலேயே உட்கார வைப்பது உங்கள் கண்காட்சியின் வழக்கம். சாயல் இல்லையென்றால் படத்தை இறக்கிவிடுவீர்கள். போன வருடம் என் படம் பதினோரு நிமிடம் தொங்கியது. இந்த முறையும் இறங்கினால் இனி உள்ளே விடமாட்டோம் என்று எழுதியிருந்தீர்கள்.

படமும் ஆளும் ஒத்துப்போகவில்லை. இரண்டில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். படத்தைப் பலமுறை சரிபார்த்தேன், அதில் தவறில்லை.

திறப்பு நாளன்று சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தார். மெல்லிய தூரிகையைத்தான் எடுத்தேன். நடுவில் ஒரு தும்மல் போட்டார். மூக்கை மட்டும் இரண்டாம் முறை பூச வேண்டியதாயிற்று.

விழித்துக் கண்ணாடியைப் பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிறம் வந்துவிட்டது, துயரம் வரவில்லை. ஆகவே, அவர் செல்லமாக வளர்க்கும் பூனை லாரியில் அடிபட்டுப் போய்விட்டது என்று சொன்னேன். பூனை என் துணி அலமாரியில் சௌக்கியமாக இருந்தது.

மண்டபத்தில் அத்தை படத்தருகே உட்கார்ந்து விசும்பினார். தலைமை நடுவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்படியே உரிச்சு வெச்சிருக்கீங்களே" என்றார். என் வாழ்க்கையில் நல்ல நேரம் என்றால் அந்த அரைமணி நேரம்தான்.

அப்போது என் மனைவி பூனையோடு வந்தாள்.

"ஏங்க, இதைப் போய் அலமாரியில பூட்டிட்டு வந்திருக்கீங்களே, உங்களுக்கு மூளை இருக்கா?"

அத்தை பூனையை வாரி எடுத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், காய்ந்த பச்சை பொருக்குப் பொருக்காக மடியில் உதிர்ந்தது. படத்தை இறக்கினீர்கள். "விடுங்க மாப்ள, அடுத்த தடவ நீலம் பூசுங்க, எனக்கு எடுப்பா இருக்கும்" என்றார் அத்தை.

நான் திருந்திவிட்டேன். இனி மனிதர்களை வரைவதில்லை. அடுத்த படம் இயற்கைக் காட்சி: நம் ஊர் ஏரி, செக்கச்செவேல் என்று. ஏரிக்குச் சிரிக்கத் தெரியாது.

சிவப்புச் சாயம் நாற்பது டின் வந்து இறங்கிவிட்டது.