கண்டக்டரக்காவின் போர்வை

பிற்பகல் மூன்றரை மணி. ஆமாம், பட்டப்பகல்தான்... பேய்க்கு மணி பார்க்கவா தெரியும்? ஊருக்கு வெளியே புறவழிச் சாலை. இரண்டு பக்கமும் ஒரு வீடில்லை, ஒரு கடையில்லை. பஸ்ஸில் டிரைவர், முன்சீட்டில் தூங்கும் கண்டக்டர், ஒரே ஒரு பயணி. என் நண்பனின் அண்ணி.

இருமல் வருகிறவன் இப்போதே இருமித் தொலைக்கட்டும், கதை நடுவில் கூடாது...

அண்ணி பள்ளிக்கூட டீச்சர். கடைசி கீமோ முடிந்து திரும்புகிறாள். மொட்டைத் தலையில் துணி. வாய் முழுக்கப் புண். விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், கையில் டிக்கெட் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மடியில் பை, பைக்குள் ஒரு பழுப்புக் கம்பளிப் போர்வை. திருட்டுப் போர்வை.

அவள் கீமோ எடுத்த வார்டில் ஒரு வழக்கம். மருந்து ஏறும்போது எலும்புக்குள்ளேயே குளிரும். அதனால் கடைசி கீமோவும் முடிந்து வீட்டுக்குப் போகிறவர், இன்னொரு நோயாளிக்கு அந்தப் போர்வையைப் போர்த்திவிட்டுப் போவார். அதைப் போர்த்தியவர் யாருமே சாகவில்லை என்று பேச்சு. ஒரு பெரியவர் முடித்துக் கிளம்பிய அன்று, அடுத்தது கண்டக்டரக்காவுக்கு என்று முடிவாகியிருந்தது. அவள் நிஜமாகவே பஸ் கண்டக்டர். ஊசியோடு வரும் நர்ஸிடம், “உள்ள தள்ளிப் போம்மா” என்று சொல்லி வார்டையே சிரிக்க வைப்பாள். அவள் கழிவறையில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில், போர்வை வைத்திருந்த அந்தப் பெரியவரிடம் அண்ணி வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள். கண்டக்டரக்கா வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டாளாம்...

கண்டக்டரக்கா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தாள். சண்டை போடவில்லை. பல்லோடு பல் அடிக்க, “சரி டீச்சர், போத்திக்கங்க. முடிச்சதும் எனக்குக் குடுத்துருங்க” என்றாள்.

அடுத்த தடவை அவள் நாற்காலி காலி. காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள்.

அண்ணியின் கடைசி கீமோ அன்று, புதிதாக வந்த ஒரு கல்லூரிப் பெண் நடுங்கியபடி அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி போர்வையை மடித்துத் தன் பைக்குள் திணித்தாள். நோய் திரும்பி வந்துவிட்டால்? வீட்டில் இருக்கும் சின்ன மகளை விட்டுவிட்டு எப்படிச் சாவது? திட்டாதீர்கள்... நாமும் அதைத்தான் செய்திருப்போம்.

பஸ்ஸில் பின்னாலிருந்து ஒரு விசில். வண்டி நின்றது. யாரும் ஏறவில்லை. முன்சீட்டில் கண்டக்டர் குறட்டை விடுகிறான்.

இரண்டு விசில்... வண்டி கிளம்பியது.

ஸ்பிரிட் வாசனை. அதற்கடியில் வாந்தியின் புளிப்பு. அண்ணியின் காதுக்குப் பின்னால் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம். டக டக டக...

“முடிச்சிட்டீங்களா டீச்சர்? குடுங்க.”

அண்ணிக்குக் கழுத்தைத் திருப்பத் தைரியமில்லை. பையை இறுக்கிக்கொண்டாள்.

“முடியாதுக்கா. எனக்குச் சின்னப் பொண்ணு இருக்கா.”

பற்களின் சத்தம் நின்றது.

“எத்தன வயசு?”

எந்த பஸ்ஸிலும் கேட்கிற கேள்விதானே... பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. “ஆறு.”

சர்ரென்று டிக்கெட் கிழியும் சத்தம்.

“அப்ப அரை டிக்கெட்தான்.”

அப்புறம் ஒன்றுமில்லை. வாசனைகூட இல்லை.

வீட்டுக் கதவைத் திறந்த அண்ணன், குழந்தை தூங்குகிறாள், சத்தம் போடாதே என்றான். காலையிலிருந்து வாசல் தாண்டவில்லையாம். மூன்றரை மணிக்குக் குளிருகிறது என்று படுத்தவள்தானாம். கட்டில் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அண்ணி ஓடிப்போய்ப் பையைக் கிழிக்காத குறையாகப் போர்வையை இழுத்துக் குழந்தைமேல் போட்டாள். மடங்கிக் கிடந்த பிஞ்சுக் கையை நேராக்கி உள்ளே வைக்கப் போனாள்.

புறங்கையில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி, வார்டில் மருந்து ஏற்றி ஊசியை எடுத்ததும் ஒட்டுவார்களே, அதே மாதிரி. யார் போட்டது என்று அண்ணன் அவளைக் கேட்டான், அவள் அவனைக் கேட்டாள்.

பஞ்சில் ரத்தம் இன்னும் காயவில்லை.