சார்லட் ஒரு ஊர்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவருடைய போன் அவள் கையில் இருந்தது.

“யாருங்க இந்த சார்லட்?”

“பாட்டுடி அது. அமெரிக்காவுல ஒரு ஊரு. அந்தப் பேரையே பாட்டுக்கு வச்சிருக்காங்க.”

“நாலு நாளா இதையேதான கேட்டுக்கினு இருக்கீங்க.”

“மைன்ஸ்ல ஷிஃப்ட் முடிஞ்சி வந்தா ஒரு பாட்டு கேக்கக் கூடாதா? நம்பலன்னா மேப்புல பாரு.”

“பாத்துட்டேன். ஊருதான்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“இங்கிலீஷ் பாட்டே கேக்காத உங்களுக்கு இத அனுப்புனது யாரு?”

அவர் எழுந்து நின்றார். “வடக்குத்துல எறங்கணும்.”

“அதுக்கு இன்னும் மூணு ஸ்டாப் இருக்கு, உக்காருங்க” என்றார் கண்டக்டர்.