மன்னிக்க ஆளில்லாத கடன்

என் காப்புகளைத்தான் பார்க்கிறீர்கள், நிஷாந்தினி மிஸ். கல்யாணக் காப்புகள். ஆறும் அப்படியே இருக்கின்றன. காலையில் பாண்காரனின் பாட்டு தெருவுக்குள் வருவதற்கு முன்பே அன்றைய பவுண் விலையைப் பார்த்துவிடுவது என் பழக்கம். பிறகு டொலர், பிறகு மத்திய வங்கியின் அறிவித்தல்கள். அரசாங்க வர்த்தமானியில் புதுச் சட்டம் ஏதாவது வந்திருந்தால் தேத்தண்ணீர் ஆறினாலும் பரவாயில்லை என்று முழுவதையும் வாசித்துவிடுவேன். இந்தக் கற்பிட்டிக் கிளையில் என்னை ‘வர்த்தமானி ராத்தா’ என்று கேலி செய்வார்கள். ஸுல்பிகா என்ற பெயர் சம்பளத் தாளில் மட்டும்தான்.

முஸம்மில் ஹாஜியாரின் காப்புறுதி ஏன் புதுப்பிக்கப்படவில்லை என்று விசாரிக்கத் தலைமை அலுவலகம் உங்களை அனுப்பியிருக்கிறது. தவறுதலாக விடுபட்டதா என்று நல்ல முறையில் கேட்டீர்கள். ஓம் என்று சொன்னால் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிடும், எல்லோருக்கும் அது வசதி. ஆனால் இத்தனை வருட வேலையில் எனக்கு எதுவும் விடுபட்டதில்லை. கவனக்குறைவான பெண் என்ற பெயரோடு நான் வீட்டுக்குப் போக மாட்டேன். அது விடுபடவில்லை, நான் விட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் வேறு சமயம் என்பதால் சில இடங்களில் விளக்க வேண்டியிருக்கும்.

என் கணவர் நளீர் ஆலங்குடாக் கரையில் மீன் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். ஐஸ் எடுப்பது முஸம்மில் ஹாஜியாரின் தொழிற்சாலையில், எப்போதும் கடனுக்கு. இரண்டாயிரத்துப் பதின்மூன்றில், தங்க விலை சரிந்து, அடகு வைத்தவர்கள் மீட்க வராமல் வங்கிகளெல்லாம் முழித்துக்கொண்டிருந்த அந்த வருடத்தில், ஒரு காலையில் நளீர் மீன் தராசுக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அப்போது நான் அடகுப் பகுதியில் வேலை செய்தேன். அவர் போய்விட்டார் என்று எனக்குச் செய்தி வந்தபோது ஒரு கிழவியின் தோட்டை உரசிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களில் ஒருவர் மௌத்தானால், ஜனாஸாவைத் தூக்கும் முன் வீட்டார் ஒருவர் எழுந்து நின்று கேட்பார்: இவர் யாருக்காவது கடன் கொடுக்க இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு. கடனோடு போகிறவரின் ரூஹு, அவருடைய ஆன்மா, அந்தக் கடன் தீரும்வரை தொங்கிக்கொண்டிருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. பெரும்பாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கொடுத்தவர்கள் அந்த இடத்திலேயே மன்னித்துவிடுவார்கள். நாலு பேர் மூக்கை உறிஞ்சுவார்கள், தூக்கிவிடுவார்கள்.

அன்று ளுஹர் நேரம், நடுப்பகல் தொழுகை. நான் உள்ளறையில் வெள்ளைச் சீலையோடு இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஹாஜியாரின் குரல் கேட்டது. அவர்தான் பள்ளிவாசலை நிர்வகிக்கிற நம்பிக்கையாளர், அவர் சொல்லாமல் ஊரில் ஜனாஸா எழும்பாது.

"எனக்கு வர இரிக்கு. நான் மறைக்கமாட்டன். பொறுப்பெடுக்க ஆளில்லாம ஜனாஸாவத் தூக்க ஏலா."

யாரோ தணிந்த குரலில், "ஹாஜியார், பொறகு கதச்சிக்குவமே" என்றார்.

"பொறகு என்ன கத. பொஞ்சாதி வட்டிக்கட உத்தியோகம். அந்த ஊட்டுல இதுக்குக் காசில்லையா?"

நளீரின் குடும்பத்தில் ஒருவரும் கை தூக்கவில்லை. பதினெட்டு வருடம் என்னோடு ஒரே பாயில் படுத்த மனிதர் வெயில் ஏறிய முற்றத்தில், கபன் துணிக்குள், ஒரு ஐஸ் கணக்குக்காக ளுஹரிலிருந்து பின்னேர அஸர் தொழுகை வரை கிடந்தார். சொந்தக்காரப் பெண்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தையும் பார்த்தார்கள். அந்த வெட்கம் இன்னும் என் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை தடவை குளித்தாலும் போகவில்லை.

அஸர் நேரத்தில் உச்சமுனையிலிருந்து தோணியில் என் தம்பி சரீப் வந்து சேர்ந்தான். விசயத்தைக் கேட்டான், உப்புத் தண்ணீர் காயாத கையைத் தூக்கினான். பிறகு தன் தோணி எஞ்சினை விற்று அந்தக் கடனை அடைத்தான். எஞ்சின் இல்லாத மீனவன் வேறு என்ன செய்வான், ஹாஜியாரின் தொழிற்சாலைக்கே ஐஸ் உடைக்கப் போனான். அதையும் நான் ஹாஜியாரின் பேரில்தான் எழுதி வைத்தேன்.

எனக்கு அவசரம் இருக்கவில்லை. கத்தி, நஞ்சு என்றெல்லாம் நினைக்கிற ஆள் நானில்லை. சந்தை ஏறும், இறங்கும், சட்டம் மாறும். கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஒரு நாள் இடம் கிடைக்கும். விதவை வீட்டுக்குள் இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிந்து வேலைக்கு வந்தேன், பரீட்சை எழுதினேன், வட்டியில்லாமல் கடன் கொடுக்கிற இஸ்லாமியப் பிரிவுக்கு மாற்றம் கேட்டு வாங்கினேன். ஹாஜியார் ஒரு நாள் கடன் எடுப்பதாக இருந்தால் அந்தக் கதிரைக்கு முன்னால்தான் வந்து உட்காருவார் என்று எனக்குத் தெரியும். வட்டியை அவர் அத்தனை வெறுத்தார். வானொலியில் வட்டி வீதம் என்று தொடங்கினாலே, "அந்த ஹராம் நியூஸ் ஊட்டுக்குள்ள வாணாம்" என்று நிறுத்திவிடுவாராம்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் வந்தார். ஆலங்குடாவில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்களுக்காக ஒரு ஹோட்டல் கட்ட வேண்டும். ஈடாக வீடும் ஐஸ் தொழிற்சாலையும்.

எங்களிடம் இரண்டு வகை ஒப்பந்தம் இருந்தது. ஒன்றில் வங்கி பொருளை வாங்கி, இலாபம் வைத்து ஒரே விலைக்கு விற்கும். உலகம் கவிழ்ந்தாலும் அந்த விலை மாறாது. மற்றதில் வங்கியும் வாடிக்கையாளரும் கூட்டாளிகள். வங்கியின் பங்குக்கு அவர் வாடகை கட்டிக்கொண்டே அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்வார். வாடகை சந்தையின் வட்டி வீதத்தைப் பார்த்து மாறும். இரண்டும் ஹலால் என்று ஆலிம்கள் ஒப்பமிட்டவை. அப்போது வீதம் தரையில் கிடந்தது, அதனால் இரண்டாவதுதான் மலிவாகத் தெரிந்தது. மத்திய வங்கி டொலரை ஒரே விலையில் பிடித்துக் கட்டியிருந்தது, நாட்டின் டொலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. கயிறு அறுந்தால் வீதம் எங்கே போகும் என்பது வர்த்தமானி வாசிக்கிறவளுக்குத் தெரியும்.

நான் இரண்டாவதை அவர் முன் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"மகள், இதுல வட்டி இரிக்கா?"

"இல்ல ஹாஜியார். வாடகதான். கூடும், கொறயும்."

"எதப் பாத்துக் கூடும்?"

"சந்தையப் பாத்து."

"சந்த அல்லாஹ்ட கையில" என்று பேனாவை எடுத்தார். எடுத்தவர் ஒப்பமிடாமல் என்னைப் பார்த்தார். "மகள், நளீர்ட ஜனாஸாவண்டைக்கி நான் கொஞ்சம் கடுமையா நடந்திட்டன். கனநாளா மனசுல கெடக்கு. என்ன மாப் செய்யுங்க."

"அத நான் அப்பவே மறந்திட்டன் ஹாஜியார். இந்த எடத்துலயும் ஒரு சைன் வைங்க" என்றேன்.

அவருக்கு நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்கு விளங்குகிற மொழியில் விளக்க வேண்டும் என்று பிறகு விதியே வந்தது. அது வரும் முன்பே நான் அதன்படி நடந்திருக்கிறேன்.

அடுத்த வருடம் நாட்டுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். எரிபொருள் வரிசை, மின்வெட்டு. ஹோட்டல் கூரையில்லாமல் நின்றது. வீதம் வானத்துக்கு ஏறியது, வாடகையும் அதன் பின்னால் ஏறியது. ஹாஜியார் முதலில் லொறியை விற்றார், பிறகு கரைத்தீவுப் பக்கத்துத் தென்னங்காணியை. பிறகு ஒரு பக்கம் வாதம் அடித்துப் படுக்கையில் விழுந்தார்.

இது பணத்தை அழிக்கிற கதை என்றுதான் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பணம் எனக்கு வழி மட்டும்தான். ஊராருக்குக் கொடுக்க இருந்தால் ஊரார் மன்னித்துவிடுவார்கள். எத்தனை ஜனாஸாவில் கேட்டிருக்கிறேன், ‘நான் உட்டுட்டன்’ என்கிற அந்த ஒரு சொல்லை. வங்கிக்கு அந்தச் சொல் வராது. யார் எழுந்து நின்று சொல்வது? அவர் கண்ணை மூடுகிற நேரத்தில் மன்னிக்க ஆளில்லாத கடன் ஒன்று அவர் கழுத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும்.

அதைக் கெடுக்க இரண்டு காரியங்கள் இருந்தன. ஒன்று நீங்கள் கேட்கிற காப்புறுதி. அது இருந்தால் அவர் மௌத்தான அன்றே மீதி முழுவதையும் கட்டிவிடும். அவருடைய கணக்கில் காசில்லாத வருடத்தில், அந்தக் கட்டணத்தைக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம், வாடிக்கையாளரின் ஒப்பம் ஒன்று போதும். அந்தத் தாளை அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டியவள் நான். அனுப்பவில்லை.

மற்றது அவருடைய மகன் றிஸ்வி. நல்ல பிள்ளை. ஐஸ் தொழிற்சாலையை வாங்க சிலாபத்திலிருந்து ஒருவர் நல்ல விலையோடு வந்திருந்தார். விற்றால் கடன் தீர்ந்துவிடும். அந்த நாட்களில்தான், நீதிமன்றம் போகாமலே வங்கிகள் ஏலம் விடுகிற சட்டத்தை அரசாங்கம் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தது. நான் நோய் பார்க்கப் போனேன். தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

ஹாஜியாருக்குப் பாதி வாய்தான் அசைந்தது. "மகள்... நான் மௌத்தானா... கடன்? அந்தக் காப்புறுதி... கட்டினதுதானே?"

"கட்டினதுதான் ஹாஜியார். கவலப்படாதீங்க."

முதல் வருடங்களில் கட்டித்தான் இருந்தார். அவர் கண்ணால் வழிந்த தண்ணீரை றிஸ்வி துடைத்துவிட்டான்.

"ராத்தா, அப்ப பெக்டரிய இப்ப விக்கத் தேவல்லையா?" என்று கேட்டான்.

"ஏன் தம்பி அவசரம்? ஏலத்துக்குத் தடை இரிக்கு. வாப்பாட உழைப்ப அப்புடி லேசா உட்டுடுறதா?" என்றேன்.

தடை எப்போது முடியும் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சிலாபத்துக்காரர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். தடை நீங்கியது. வங்கியின் ஏல அறிவித்தல் ஹாஜியாரின் வாசல் கதவில் ஒட்டப்பட்ட பிறகு அவர் ஒரு கவளமும் விழுங்கவில்லை என்று சரீப் சொன்னான். காப்புறுதி இல்லை என்பதையும் அப்போது தெரிந்துகொண்டார். தெரியாமல் போய்விடுவாரோ என்று எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது.

ஜனாஸாவுக்கு ஊரே கூடியது. பெண்கள் பக்கம் நானும் போய் உட்கார்ந்திருந்தேன், ஜன்னலுக்குக் கிட்ட. றிஸ்வி எழுந்து நின்று வாப்பாவின் கடன்களைக் கேட்டான். ஒவ்வொருவராக விட்டுக்கொடுத்தார்கள். ஐஸ் உடைக்கிறவர்கள், லொறிக்காரர், ஹோட்டலுக்குக் கல் கொடுத்தவர். என் தம்பி சரீப்கூட எழுந்து, "எனக்கு ரெண்டு மாசச் சம்பளம் வர இரிக்கு. நான் உட்டுட்டன்" என்றான். அந்த இடத்தில் மட்டும் எனக்குக் கோபம் வந்தது.

பிறகு றிஸ்வி, "பேங்க்குக் கடன்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டான். எல்லோரும் எங்கள் முகாமையாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிங்களவர், பாவம், மரியாதைக்காக வந்தவர். என்ன கேட்கிறார்கள் என்று விளங்கியதும் தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் அந்த அதிகாரம் இல்லை. கடைசியில் றிஸ்விதான் கை தூக்கினான், வெறும் கையை. வீட்டையும் தொழிற்சாலையையும் ஏலத்தில் அள்ளிய பிறகும் கடன் மிச்சம் இருக்கிறது. அவன் இப்போது கட்டாரில் கட்டட வேலை செய்கிறான். மாதா மாதம் அனுப்புகிறான், அது முதலைத் தொடுவதேயில்லை. அவனுடைய வாப்பா எங்கே தொங்கிக்கொண்டிருக்கிறார் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் நன்றாகத் தூங்குகிறேன்.

எழுதிவிட்டீர்களா? ஒப்பம் எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

பேனாவை மூடிவிட்டு இன்னொன்று கேட்கிறீர்கள். அன்று நளீரை முற்றத்தில் வைத்துக்கொண்டிருந்தபோது வீட்டில் ஒன்றுமே இருக்கவில்லையா என்று. மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? நான் இருந்த அதே அறையில் அலுமாரி இருந்தது. சாவி என் இடுப்பில். உள்ளே இந்த ஆறு காப்பும் இருந்தன. இரண்டை எடுத்து ஜன்னலால் நீட்டியிருந்தால் ளுஹருக்கே தூக்கியிருப்பார்கள். ஆனால் பவுண் சரிந்து கிடந்த கிழமை அது, மிஸ். அடகுப் பகுதியில் இருந்தவளுக்குத் தெரியாதா? அந்த விலைக்கு யாராவது விற்பார்களா? இன்றைக்கு அது எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள்.