வத்தையில் இரண்டு பேருக்குத்தான் இடம்

ராத்திரி மணி பதினொன்றேகால். வெள்ளாற்றின் குறுக்கே போகிற வண்டித்தடம். பங்குனி மாதம். ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இக்கரையிலிருந்து அக்கரை வரைக்கும் மணல்... வெறும் மணல். அதில் ஒரு மனிதர் தனியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார்.

கண்டக்டர், அந்த விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். எண்ணெய் விடிகிற வரைக்கும் வர வேண்டும். தரைப்பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர் போகிறது, பஸ் இனி நகராது. காலையில் யாராவது வத்தை கொண்டுவருவார்கள், ஏறி அக்கரைக்குப் போய்விடலாம் என்று பின்சீட்டில் திட்டம் போடுகிறீர்களே... அதைக் கேட்டதும் எனக்கு ஒரு பழைய சம்பவம் ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் இதைச் சொல்கிறேன். பயப்படுகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். நடுவில் யாராவது கேள்வி கேட்டால் நிறுத்திவிடுவேன், என் குணம் அப்படி.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் பெயர் சந்தனராஜ். என் சிநேகிதன் அருள்சாமியின் அக்காள் புருஷன். ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். இங்கிருந்து மேற்கே நாலு மைல் தள்ளி, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வாத்தியார் வேலை.

ஆற்றுக்கு நடுவில் ஒரு மணல்திட்டு உண்டு. வண்டித்தடம் அதை ஒட்டித்தான் போகும். அதற்குப் பக்கத்தில் வந்ததும் சந்தனராஜுக்கு ஒரு சத்தம் கேட்டது. சளக்... சளக்... பலகையில் தண்ணீர் மோதுகிற சத்தம். காலுக்கடியில் பகல் வெயிலின் சூடு இன்னும் ஆறாத மணல். சத்தம் மட்டும் தண்ணீர்ச் சத்தம்.

பிறகு ஒரு வாசனை. தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெய் வாசனை.

திட்டின் மேலிருந்து ஒரு குரல். கோபமில்லை, அழுகையில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் கேட்கிற மாதிரி...

"வாத்தியாரே... வந்துட்டீங்களா?"

சந்தனராஜ் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார். என்ன என்று கேட்ட மனைவியிடம் நாய் துரத்தியது என்று சொன்னார். அது யார் குரல் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதற்கு முந்தின வருஷம், ஐம்பத்தெட்டு. ஆடி மாதம். சந்தனராஜும், சைக்கிள் கடை பழனிச்சாமியும், தையல்கார நல்லதம்பியும் சேர்ந்து ஒரு யோசனை பண்ணினார்கள். நம் ஆற்றில் வருஷத்துக்கு ஐந்தாறு நாள்தான் தண்ணீர். அந்த வருஷம் தண்ணீர் வந்தால் ஒரு வத்தையில் ஏறி, ஆற்றோடு கடல் வரைக்கும் போய்விடுவது. வத்தை என்றால் பெரிதாக எதுவும் இல்லை, கடலோரத்தில் மீன் பிடிக்கிற சின்னத் தோணி. கட்டுமாவடியில் பழசு ஒன்றைப் பிடித்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வறண்ட ஆற்றங்கரையில் வத்தை வந்து இறங்கியதும் ஊரே சிரித்தது. "தண்ணிய எந்த வண்டியில கொண்டாரப் போறீக?" என்று கேட்காத ஆள் இல்லை.

சிரிக்காதவன் நல்லதம்பிதான். அவன் கடலைப் பார்த்ததில்லை. தாய் முனியாயி, ஒரு மெஷின், அந்தத் தெரு... அவ்வளவுதான் அவன் உலகம். மூன்று இரவு கண்விழித்துக் காடாத் துணியில் பாய் தைத்துக் கொடுத்தான். இரட்டைத் தையல். சாயங்காலம் ஆனால் மூவரும் அவன் கடையில் உட்கார்ந்து, எங்கே புறப்படுவது, எங்கே சோறு பொங்குவது, எத்தனை நாள் ஆகும் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். கடலில் போய்ச் சேர்ந்ததும் முதலில் என்ன செய்வாய் என்று ஒருநாள் பழனிச்சாமி கேட்டான். "ஒரு வாய் குடிச்சுப் பாப்பேன்" என்றான் நல்லதம்பி.

புரட்டாசியில் வத்தையைக் கண்மாயில் விட்டுப் பார்த்தார்கள். நல்லதம்பி கடையில் இருந்தான், அவனைக் கூப்பிடவில்லை. இரண்டு பேர் ஏறினால் நன்றாகத்தான் போனது. மூன்றாவது ஆளுக்குப் பதிலாக ஒரு நெல் மூட்டையை வைத்தார்கள். விளிம்பு வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. நல்லதம்பி ஒன்றரை மூட்டை இருப்பான். நீச்சலும் தெரியாது.

நேரே சொல்லியிருக்கலாம். இடமில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பான். பாய் தைத்துக் கொடுத்தவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் சந்தனராஜ்தான் வழி கண்டுபிடித்தார். படித்தவர் அல்லவா.

"நல்லதம்பி, கரையெல்லாம் முள்ளு. வத்தைய அணைக்க முடியாது. நீ நடுத்திட்டுல நில்லு, வந்து ஏத்திக்கிறோம்."

திட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வாய்க்கால், அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால். இருட்டோடு இருட்டாக அந்தப் பக்கமாக நழுவிவிடலாம் என்பது கணக்கு. இவன் நின்று பார்த்துவிட்டு, நாலு வசவு வைதுவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்குப் போய்விடுவான். நம் ஆட்களுக்கு ஆறு என்றால் நடந்து போகிற இடம்தானே. சந்தை கூடுவது அதில், பிள்ளைகள் சடுகுடு ஆடுவது அதில். அங்கே ஒருவன் நின்றால் சாவான் என்று யாருக்குத் தோன்றும்?

ஐப்பசி பிறந்தது. மேற்கே நல்ல மழை, விடியற்காலை தண்ணீர் வந்துவிடும் என்று ஒருநாள் தகவல் வந்தது. நல்லதம்பி சாயங்காலமே புளிச்சோறு கட்டிக்கொண்டு திட்டுக்குப் போய்விட்டான். தவறவிட்டுவிடக் கூடாதாம்.

ஒன்பது மணிக்கு இங்கேயும் மழை பிடித்தது. அப்படி ஒரு மழை. பத்து மணிக்குப் பழனிச்சாமி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டினான்.

"வேணாம் வாத்தியாரே. இந்த மழைக்கு வத்தை தாங்காது."

"சரி, நிறுத்திருவோம்."

பழனிச்சாமி ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அங்க அவன்..."

"தண்ணியப் பாத்தா கரையேறிர மாட்டானா? சின்னப் புள்ளையா அவன்?"

இதைச் சொன்னவர் சந்தனராஜ். பழனிச்சாமி போய்விட்டான். இவர் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தார்.

இரண்டு மணிக்கு ஆறு வந்தது. ஹோ... என்று ஒரே இரைச்சல். ஊரில் பாதிப்பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். சந்தனராஜும் கேட்டார். கேட்டுவிட்டுப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். "முழிச்சுத்தான் மச்சான் இருந்தேன்... முழிச்சுத்தான் இருந்தேன்..." என்று பின்னாளில் அருள்சாமியிடம் சொல்லிச் சொல்லி அழுதாராம்.

விடிந்து பார்த்தால் கரைக்குக் கரை செந்தண்ணீர். திட்டு இருந்த இடம் தெரியவில்லை.

மூன்றாம் நாள் முனியாயி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். வகுப்பு வாசலில் நின்றுகொண்டு, "வாத்தியாரய்யா, ஒங்க கூடத்தான வத்தையில வாரேன்னு கெளம்புனான்?" என்று கேட்டாள்.

"நாங்க போகவே இல்லையே ஆத்தா. மழைன்னு பயணத்தையே நிறுத்திட்டோம். அவன் எங்க போனான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

பாருங்கள், ஒரு வார்த்தைகூடப் பொய் மாதிரி இல்லை. அந்த அம்மாள் நம்பினாள். மகன் கோபித்துக்கொண்டு திருச்சிப் பக்கம் வேலைக்குப் போயிருப்பான் என்று ஊரும் பேசிக்கொண்டது. உடல் கிடைக்கவில்லை. பழனிச்சாமி வத்தையை உடைத்து விறகாக்கிவிட்டு, கடையை விற்றுவிட்டு, ஊரை விட்டே போய்விட்டான். சந்தனராஜ் போகவில்லை. மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார். சாமியாரிடம் சின்னச் சின்னப் பாவமாகச் சொல்லிவிட்டு, இதைச் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவார். தெருவில் முனியாயியைப் பார்த்தால் சந்துக்குள் திரும்பிவிடுவார்.

அப்படி ஐந்து மாதம் ஓடிய பிறகுதான் அந்தப் பங்குனி ராத்திரி.

அதற்கப்புறம் அவர் ஆற்றுத்தடத்தை விட்டுவிட்டு ஒன்பது மைல் சுற்றிப் போக ஆரம்பித்தார். சோறு இறங்கவில்லை. அருள்சாமியிடம் சொன்னாராம், "திட்டியிருந்தான்னா தாங்கியிருப்பேன். அடிச்சிருந்தாலும் தாங்கியிருப்பேன். வந்துட்டீங்களான்னு கேட்டுட்டான் மச்சான்." இன்னும் நம்பிக்கொண்டு நிற்கிறான். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

முனியாயியிடம் சொல்லிவிடுவது என்று இரண்டு தடவை அவள் வாசல் வரைக்கும் போனார். இரண்டு தடவையும் திரும்பிவிட்டார். உயிரோடு இருக்கிறவளிடம் சொல்வதைவிடச் செத்தவனிடம் சொல்வது சுலபம் என்று பட்டிருக்கிறது. சித்திரையில் ஒரு ராத்திரி, கையில் விளக்குகூட இல்லாமல், திட்டுக்குப் போனார்.

சளக்... சளக்... அதே சத்தம். அதே எண்ணெய் வாசனை.

"வாத்தியாரே... வந்துட்டீங்களா?"

கையெடுத்துக் கும்பிட்டார்.

"நல்லதம்பி... வத்தை வராதுடா. ஒன்னைய ஏத்தக் கூடாதுன்னுதான் இங்க நிக்கச் சொன்னேன். மழை பேஞ்சப்பவும் வந்து கூப்புடல. எல்லாம் நான் செஞ்சது. இனிமே நிக்காத. வீட்டுக்குப் போ."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு மணலில் காலடி... நறக்... நறக்... கனமான ஆள் நடக்கிற நடை. அவரை உரசுகிற மாதிரி கடந்து, ஊர்ப்பக்கமாக இறங்கிப் போனது. ஈரம் பட்டுத் தோள் சில்லிட்டது. மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தூங்கினார்.

காலையில் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் முனியாயி. தலை சீவி, நெற்றி நிறையத் திருநீறு. அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பார்த்ததே இல்லை. அவர் கை இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்கதான் வீட்டுக்குப் போகச் சொன்னீங்களாமே. எம்புள்ளைய அனுப்பிவச்சீங்களே சாமி, ஒங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்."

அவள் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரு எட்டு வந்துட்டுப் போங்கய்யா. பசிக்குதுங்கிறான். ராவெல்லாம் சோத்தப் போட்டு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். வாயத் தொறந்தா மணலாக் கொட்டுது... கூட்டி அள்ளி மாளல."