மூலைக் காசுக்குக் கொளுத்திய கற்பூரம்

எனது பெயர் தம்பிஐயா. தகப்பன் பெயர் வல்லிபுரம். வயது அறுபத்தொன்பது. மேசன் வேலை செய்தவன், இப்போது தொழில் இல்லை. ஊரிலிருந்து விசாவில் இந்த நாட்டுக்கு வந்து, நோபல் பார்க்கில் என் மகள் சந்திரகலாவின் வீட்டில் வசிக்கிறேன். இந்த வாக்குமூலத்தை டண்டினொங் பொலிஸ் நிலையத்தில் இருந்து என் கையாலேயே தமிழில் எழுதுகிறேன். எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்கும் திரு. வரதராஜா இதை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பார். சென்ற குளிர்காலத்தில்தான் மகள் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தாள், ஆகவே நேரம் எடுக்கும். அவசரமில்லை என்று கான்ஸ்டபிள் கையால் காட்டினார்.

என் மருமகன் கேதீஸ்வரன் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் மெசின் ஒன்றை அவர் வாங்கினார். அதன் பின்னர் சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் பற்றை மூடிக் கிடக்கும் பழைய இடிபாடுகளுக்குப் பழங்காசு தேடிப் போவோம். அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெசினின் வட்டத்தைப் புல்லின்மேல் இடமும் வலமுமாக அசைத்துப் போவார். சத்தம் கேட்ட இடத்தைக் காலால் காட்டுவார். நான் குந்தியிருந்து கரண்டியால் கிண்டுவேன். பெரும்பாலும் சோடா மூடியும் லாட ஆணியும்தான் வரும். எப்போதாவது கறுத்துப்போன பென்னிக் காசு ஒன்று வரும்.

1979 பெப்ரவரி பத்தாம் திகதி சனிக்கிழமை, டண்டினொங்குக்கு அப்பால் ஒரு பழைய சத்திரத்தின் இடிபாட்டுக்குப் போனோம். குதிரை வண்டி ஓடிய காலத்தில் பயணிகள் தங்கிய இடம் என்று மருமகன் சொன்னார். முள்ளுப் பற்றையும் இடுப்பளவு காய்ந்த புல்லும் நின்றன. நான் பற்றையை வெட்டி விலக்க, கல் அத்திவாரம் தெரிந்தது. நல்ல வேலை. சாந்து இன்னும் விட்டுப்போகவில்லை. அதன் பின்னர் வடகிழக்கு மூலையில் மெசின் விடாமல் சத்தம் போட்டது. கிண்டினேன். உக்கிய தோல் துண்டு ஒன்றுக்குள் சில பென்னிகளும் ஒரு வெள்ளிக் காசும் ஒட்டிக் கிடந்தன. மருமகன் வெள்ளிக் காசை எச்சில் தொட்டுத் துடைத்தார். மகாராணியின் தலை தெரிந்தது.

"தம்பி, அதைத் திருப்பி வையும். அது அத்திவாரக் காசு" என்றேன்.

"வெள்ளைக்காரன் அத்திவாரத்துக்குக் காசு போடுறவனோ, மாமா?"

"வீடெண்டா வீடுதான். மூலைக் காசை எடுத்தா வீட்டுக்காரனுக்குக் கூடாது."

"அவன் செத்து நூறு வருசம். இனி அவனுக்கு என்ன கூடாமல் போறது?" என்று சிரித்தார். பின்பு காசை என் கையில் தந்து, "சரி, வையுங்கோ. உங்களோடை வந்தா நான் ஒரு நாளும் பணக்காரன் ஆகமாட்டன்" என்று சொல்லிவிட்டு, மெசினை வைத்துத் தண்ணீர் எடுத்துவரக் காருக்குப் போனார்.

நான் காசுகளை முன்போலவே வைத்து மண்ணால் மூடினேன். ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு மூலைக்கல் வைத்திருக்கிறேன். கற்பூரம் கொளுத்தாமல் ஒரு மூலையையும் மூடியதில்லை. நோபல் பார்க்கில் எங்களுக்குக் கோயில் இல்லை என்பதால் ஈயத்தாளில் சுற்றிய கற்பூரமும் தீப்பெட்டியும் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். மருமகனுக்கு இது தெரியாது. இங்கே பெப்ரவரி கடுங்கோடை; காற்றும் வெக்கையும் என்பதால் அன்று வெளியில் நெருப்பு மூட்டக் கூடாது என்று காலையில் வானொலியில் சொன்னது எனக்குத் தெரியாது. கற்பூரத்தைக் கல்லின்மேல் வைத்துக் கொளுத்தினேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன். திறந்தபோது கற்பூரம் கல்லில் இல்லை. காற்று அதைப் புல்லுக்குள் உருட்டியிருந்தது.

காலால் மிதித்தேன். சட்டையைக் கழற்றி அடித்தேன். நெருப்பு வேலியைத் தாண்டியது. நெருப்பு என்ற சொல்லை நான் இன்றுதான் முதன்முதலில் எழுதுகிறேன். சரியாக வந்திருக்கிறது என்று திரு. வரதராஜா சொன்னார்.

வேலிக்கு அப்பால் பக்கத்துக் காணிக்காரரின் தகரக் கொட்டிலில் இரண்டு குதிரைகள் நின்றன. மருமகன் ஓடிவந்து என்னைக் கடந்து போனார். நெருப்பில் கொதித்துக்கொண்டிருந்த கொட்டில் கதவின் இரும்புத் தாழ்ப்பாளை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். மண்ணிறக் குதிரை வெளியே வந்து, றோட்டில் எங்கள் காரின் பக்கத்தில் போய் நின்றது. மற்றது வரவில்லை. அதன் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

அதன் பின்னர் தீயணைப்புக்காரரும் பொலிசும் வந்தார்கள். மருமகன் அவர்களுடன் ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு சிகரெட் என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மருமகனின் இரண்டு கைகளுக்கும் முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. மகள் அவருக்குச் சோறு தீத்திக்கொண்டே, "அப்பு, நீங்கள் வாயே திறக்கக் கூடாது. தான் குடிச்ச சிகரெட்டாலைதான் பத்தினது எண்டு அவர் சொல்லிப்போட்டார்" என்றாள்.

"அவர் சிகரெட் குடிக்கிறேல்லையே, பிள்ளை."

"உங்கடை விசா இன்னும் நீட்டித் தரேல்லை. நெருப்பு வைச்ச ஆளெண்டா அடுத்த பிளேனிலை ஏத்திப்போடுவினம்."

மருமகன், "எனக்கு வெறும் அபராதம்தான் மாமா" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெறும் அபராதம் அல்ல, மறியலில் அடைக்கவும் கூடும், வேலையும் போகலாம் என்று திரு. வரதராஜா இன்று சொன்னார். வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறி அவரிடம் போனேன். அவர் என்னை இங்கே கூட்டிவந்தார்.

நான் அந்த மூலையைப் பற்றிச் சொன்னபோது கான்ஸ்டபிள் ஒரு பழைய வரைபடத்தைக் காட்டினார். அது வீடு அல்லவாம், சத்திரத்தின் குதிரை லாயமாம். அங்கே கிடந்தது குதிரைக்காரன் எவனோ தவறவிட்ட பணப்பையாக இருக்கும் என்றார். இருக்கலாம். காசுகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

என்னைத் திருப்பி அனுப்பினால் போகிறேன். கற்பூரத்தைக் கொளுத்தியவன் நான். கேதீஸ்வரன் அல்ல.

இங்கே எழுதியவை எல்லாம் என் கண் கண்டவை, என் கை செய்தவை. ஒருவரும் சொல்லித் தந்து எழுதவில்லை. என் கடவுச்சீட்டில் பெருவிரல் அடையாளத்தைப் பார்த்துவிட்டுக் கான்ஸ்டபிள் மைப்பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார். அது வேண்டாம். கையில் கட்டு இருப்பதால் மருமகன் தமது வாக்குமூலத்தில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்று அறிகிறேன். அவர் இனி வைக்க வேண்டியதில்லை. நான் வைக்கிறேன்.

வல்லிபுரம் தம்பிஐயா