கண்ணாடிக் கடை மாடி டாக்டர்

— எண்டோ... எண்டோகிரை... அட போங்க, வாயில நுழைய மாட்டேங்குது. ஹார்மோன் டாக்டர்னு வச்சுக்கோங்க.

— ஹார்மோனுக்கும் எனக்கும் என்னடி சம்பந்தம்? எனக்கு இருக்கிறது வெறும் சுகரு.

— வெறும் சுகரா! அதையும் அவங்கதாங்க பாக்குறாங்க. என் தைராய்டையும் அவங்கதான் பாப்பாங்களாம். இன்னிக்குப் பத்தரைக்கு வரச் சொல்லியிருக்காங்க.

— இன்னிக்கா? பஸ்ஸை யாரு ஓட்டுவா, உங்கப்பாவா? யூனிஃபார்ம் மாட்டிட்டு இருக்கிறது தெரியலையா?

— தெரியுது. பட்டனை மாத்தி மாத்திப் போட்டிருக்கிறதும் தெரியுது. இப்படித் திரும்புங்க... நான் போடுறேன்.

— நம்ம பழைய டாக்டரே போதும். பன்னெண்டு வருஷமா அவருதானே பாக்குறாரு.

— எங்க பாக்குறாரு? பழைய சீட்டைப் பாத்து அதே மாத்திரையை எழுதுறாரு. நாலு மணி நேரம் ரயில்ல போனாத்தான் பெரிய டாக்டர்னு நாமளும் அசையாம உக்காந்துட்டோம்.

— இவங்க மட்டும் எங்க இருக்காங்களாம்?

— கண்ணாடிக் கடை மாடியில.

— எந்தக் கண்ணாடிக்... என் ஸ்டாப்புக்கு எதிர்லயா?

— அதேதான். மூணு வருஷமா அங்கதான் இருக்காங்களாம். லேப் பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

— மூணு வருஷமா... ஒரு நாளைக்கு எட்டு தடவை அங்க நிறுத்தியிருப்பேனே. போர்டைக்கூடப் பாத்திருக்கேன். யாருக்கோன்னு நினைச்சுட்டேன்.

— நானும்தான் முன்னாடியே விசாரிக்கலை. இப்பக் கேட்டா மூணு மாசத்துக்கு இடமில்லைன்னாங்க. தினம் காலையில போன் பண்ணிப் பண்ணி... யாரோ இன்னிக்கு வரலைன்னு நமக்குக் கிடைச்சுது. மறைக்காம எல்லாத்தையும் சொல்லணும், சரியா?

— எல்லாத்தையும்னா?

— கை நடுங்குறது. வேர்த்துக் கொட்டுறது. போன மாசம் பள்ளிக்கூட ஸ்டாப்புல நிறுத்தாம, சிக்னலையும் தாண்டி...

— அது யாரு உனக்குச் சொன்னா?

— நீங்கதான். தட்டு முன்னாடி உக்காந்துக்கிட்டு, 'பெடல்ல என் கால் இருந்துச்சு, நான் இல்லை'ன்னீங்க.

— அதை டாக்டர் எழுதி வச்சா லைசென்ஸ் போயிடும்டி.

— சுகர் திடீர்னு இறங்குதுன்னா மாத்திரையை மாத்தினாலே சரியாகலாமாம். அந்த லேப் பொண்ணுதான் சொன்னா... ஏங்க, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?

— எப்படி?

— யூனிஃபார்ம் போட்டுட்டுக் கிளம்புறது. பதினெட்டு நாளா சட்டையில டீசல் வாசமே இல்லைங்க. துவைக்கிறவளுக்குத் தெரியாதா?

— நேரமாச்சு, சாப்பாட்டுப் பையை எடு.

— தினமும் எங்கதான் போறீங்க?

— நூலகத்துக்கு. அங்க ஃபேன் இருக்கு. ஒரே பேப்பரை மூணு தடவை படிப்பேன்... டிப்போவுக்கு யாரோ போன் பண்ணிட்டாங்கன்னு மேனேஜர் கூப்பிட்டாரு. டாக்டர் சர்டிஃபிகேட் இல்லாம வண்டியைத் தொடக்கூடாதுன்னுட்டாரு.

— யாரு பண்ணினதுன்னு...

— யாரோ பயணியா இருக்கும்.

— பயணி இல்லைங்க.

— விடு. நேரமாகுது, அந்த ரிப்போர்ட்டை எடு.

— நான் சொல்லி முடிச்சுடுறேன். நான்தாங்க பண்ணினேன். தினம் அந்தப் பிள்ளைங்க பையை மாட்டிட்டு உங்க பஸ்ல ஏறுறது கண்ணு முன்னாடியே நின்னுச்சு. உங்ககிட்ட சண்டை போட்டிருக்கணும், சாவியைப் பிடுங்கி வச்சிருக்கணும். அதை விட்டுட்டு முதுகுக்குப் பின்னாடி போயி... முப்பது வருஷ வேலையை ஒரு போன்ல கெடுத்துட்டேன்.

— தெரியும்டி. மேனேஜர் அந்த போன் பதிவைப் போட்டுக் காட்டினாரு. 'அவரு நல்ல டிரைவர்ங்க, திட்டிடாதீங்க'ன்னு எந்தப் பயணி அழுதுட்டே சொல்லுவா?

— தெரிஞ்சுமா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை? பதினெட்டு நாளா என்மேல கோபத்தை வச்சுக்கிட்டா...

— கோபம் இல்லை, வெட்கம். பள்ளிக்கூட ஸ்டாப்புல நடந்தது ரெண்டாவது தடவைடி. முதல் தடவை நடந்தப்பவே அந்த போனை நான் பண்ணியிருக்கணும்.